ஆட்டோஃபோகஸ் இல்லாவிட்டால் காடு இல்லையா?

“கையால் திருகும் பழைய டெலி லென்ஸில் காட்டுயிர்ப் படம் எடுக்கவே முடியாது, காசுக்குக் கேடு” என்கிறார்கள்.

ஒன்று: காட்டுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணன் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தபோது எந்த ஆட்டோஃபோகஸ் இருந்தது?

இரண்டு: கெனான் எஃப்டி லென்ஸ், கெனான் டிஎஸ்எல்ஆரில் நேரடியாகப் பொருந்தாது; உண்மை. அதற்காக எல்லாப் பழைய லென்ஸையும் தள்ளுவது என்ன நியாயம்? மிரர்லெஸ் கேமராவில் கண்ணாடியில்லாத வெற்று அடாப்டரே போதும். வியூஃபைண்டரில் பெரிதாக்கிப் பார்த்து, நாரையின் கண்ணிலேயே ஃபோகஸை நிறுத்தலாம். கேமராவுக்குள் நடுக்கத் தடுப்பு இருந்தால், லென்ஸின் குவியத் தூரத்தை, 400 மி.மீ. லென்ஸ் என்றால் 400 என்று, நாமே பதிய வேண்டும். அதைச் செய்யாமல் லென்ஸைத் திட்டுகிறார்கள்!

மூன்று: பறக்கும் தகைவிலானைப் பிடிப்பது கடினம்தான். காட்டுயிர் என்றால் பறப்பது மட்டுமா?

நான்கு: பழைய லென்ஸுக்குள் பூஞ்சை என்கிறார்கள். டார்ச் அடித்துப் பார்க்காமல் வாங்கியது யார் தவறு?