ஹெரால்டு காரின் அச்சும் நமது வாணிப நாணயமும்

சென்ற மாதம் ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலிருந்து ஒருவர் நமது கடைக்கு வந்தார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குப் பின் ஆக்சில் ஷாப்ட் வேண்டும் என்றார். அதற்குள் நான்கு கடைகள் ஏறி இறங்கிவிட்டாராம். இரண்டு கடைகளில், "அதெல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது" என்றார்களாம். மற்ற இரண்டில், "மாதிரியைக் கொடுங்கள், லேத்தில் கடைந்து தருகிறோம்" என்றார்களாம். இந்த இரண்டு பதில்களைப் பற்றியும் வணிக அன்பர்கள் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டே அதற்கு மூலம். அதே வண்டியின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை அங்கே கொண்டுவந்தார்கள். அது 1980 வரை உற்பத்தியானது. சென்னை நிறுவனம் 1988-இல் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனால் ஸ்பிட்ஃபயரைப் போற்றி வைத்திருப்போர் இங்கிலாந்தில் ஏராளம். ஆகவே அதன் அச்சு உதிரிகள் அங்கே இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. எனவே "கிடைக்கவே கிடைக்காது" என்பது சரியான பதில் ஆகாது.

சிக்கல் எல்லாம் அடையாளம் காண்பதில்தான் இருக்கிறது. ஹெரால்டில் பின் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும். ஒவ்வொரு பக்கமும் ஒரு யு.ஜே. கிராஸும் ஷாப்டும் உண்டு. இந்த ஏற்பாடு நம் நாட்டு மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலுக்கு ஒரே முழு அச்சாக வைத்துவிட்டார்கள். ஸ்பிட்ஃபயரிலும் 1973-க்குப் பிந்திய ஷாப்ட் முந்தியதைவிட நீளமானது. வண்டியின் பெயரை மட்டும் கேட்டுப் பொருளை எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும்?

ஆகவே வெர்னியரை எடுக்க வேண்டும். ஷாப்டின் நீளம், யு.ஜே. கப்பின் விட்டம், கிராஸின் முழு அகலம் மூன்றையும் குறிக்க வேண்டும். ஆங்கிலேய வண்டி என்பதால் அங்குல அளவுகள் வரும். கிட்டத்தட்ட ஒத்துவரும் மில்லிமீட்டர் சீலைத் திணிக்கக் கூடாது. கிரவுன் பினியன் என்றால் பல்லை எண்ண வேண்டும். 39-க்கு 8 என்றால் 4.875; 37-க்கு 9 என்றால் 4.11. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஹப்பினுள் இருக்கும் ஊசி பேரிங் நேரே ஷாப்டின் மீதே உருளுகிறது. ஷாப்டில் பள்ளம் விழுந்திருந்தால், பேரிங்கை மட்டும் விற்பது வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்குவதே. ஹப்பைச் சுத்தியலால் தட்டிக் கழற்றினால் ஷாப்ட் வளைந்துவிடும். அதற்கு உரிய புல்லர் வேண்டும்.

லேத்தில் கடைந்து தருவதைப் பற்றி நாம் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1992-இல் நாமே அந்தத் தவறைச் செய்தோம். அவசரம் என்று வந்த ஒருவருக்குச் சாதாரண எம்.எஸ். ராடில் ஷாப்ட் கடைந்து கொடுக்க ஏற்பாடு செய்தோம். அளவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உரிய எஃகும் இல்லை, டெம்பரும் ஏற்றவில்லை. மூன்றாம் மாதம் காவிரிப் பாலத்தில் அது முறிந்து, ஹப்போடு சக்கரம் கழன்று ஓடியது. வண்டி மெதுவாகச் சென்றதால் உயிர்ச்சேதம் இல்லை. வண்டிக்குள் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் அந்தப் பழியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்பு அச்சும் சக்கரமும் செய்து கொடுத்தது நமது திருச்சி பெல் ஆலை. அச்சு செய்யத் தெரிந்த ஊர்தான் இது. உரிய உலோகத்தில், உரிய பதத்தில், சோதனை செய்து தருபவரிடம் செய்தால் குற்றமில்லை. சென்னை புதுப்பேட்டையில் பழைய ஷாப்ட் வாங்கினாலும், சாயம் தடவி விரிசல் பார்த்த பிறகே பூட்டச் சொல்ல வேண்டும்.

உத்திர வீதிக்காரரின் கதையை முடித்துவிடுகிறோம். அவருடைய ஷாப்டை அளந்து குறித்துக்கொண்டு, தெரிந்த கடைகளுக்கெல்லாம் விசாரித்தோம். நம் சங்க உறுப்பினர் ஒருவரின் கிடங்கில், கிரீஸ் தாள் சுற்றியபடி, பெயர் எழுதாமல் ஒன்று கிடந்தது. அடுத்த வாரம் பழைய இரும்போடு எடைக்குப் போட இருந்தாராம்!

இப்படி எத்தனை கிடங்குகளில் எத்தனை பொருள்கள் கிடக்கின்றனவோ? எனவே உறுப்பினர் ஒவ்வொருவரும் தம்மிடம் தேங்கியுள்ள பழைய சரக்கை எண், அளவுகளோடு எழுதிச் சங்கத்துக்குத் தர வேண்டும். சங்கம் அதைத் தொகுத்து இவ்விதழில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தேங்கிய சரக்கும் காசாகும். தேடி வருபவரும் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். அதுவரை, சந்தேகமாக இருந்தால் "இல்லை" என்று சொல்வோம். ஒரு வியாபாரம் போனால் மறுநாள் இன்னொன்று வரும்.