உண்மையும் ஒரு காவலே!

காவலுக்குக் கைத்தடி மட்டும் போதாது, வாய்மையும் வேண்டும். செருமனியின் மூனிக்கு மாநகர் 2016 சூலை 22-இல் இதனை உணர்த்தியது.

அன்று மாலை, வணிக வளாகம் ஒன்றனருகே ஒருவன் 9 பேரைச் சுட்டுக் கொன்றான். உடனே ஊரெங்கும் பொய்ச்செய்தி பரவிற்று. "இங்கும் சுடுகின்றனர், அங்கும் சுடுகின்றனர்" என மக்கள் அலறியோடினர், பலர் அடிபட்டனர். சுட்டவன் ஒருவன், அச்சமோ ஓராயிரம்!

அவ்வேளையில் காவல்துறைச் செய்திப் பிரிவின் தலைவர் மார்க்கசு ட குளோரியா மார்ட்டின்சு செய்தியாளர்முன் நின்றார். தெளிந்ததைத் தெளிந்ததென்றார், தெளியாததைத் தெளியவில்லை என்றார். அவர்தம் குழுவினர் செருமானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, துருக்கியம் என நான்கு மொழிகளில் 'துவிட்டர்' வழி எச்சரித்தனர். கொலையுண்டோருள் துருக்கி வழியினரும் இருந்தனர் என்பதை எண்ணுக! மூவர் சுட்டிருக்கலாமென முதலில் ஐயுற்ற காவல்துறை, ஒருவனே எனத் தெளிந்ததும் அதனையும் நள்ளிரவு கடந்து வெளிப்பட அறிவித்தது.

செய்திக்குழுத் தலைமை என்பது துறைக்குப் புகழ்மாலை தொடுக்கும் பணியன்று. குறையை மறைக்கும் திரையுமன்று. உரிய நேரத்தில், மக்கள் மொழியில், உண்மையை உரைப்பதே அதன் கடன். ஆட்சிமொழியில் மட்டுமே முழங்கும் காவல்துறைகள் இதனைக் கற்கட்டும். மக்களுக்குப் புரியாத எச்சரிக்கை, எச்சரிக்கையே அன்று!