என்ஜினைப் பிரிக்காமலே தீர்ப்பா?

புத்தம் புது ஸ்போர்ட்ஸ் கார். கியாரண்டி காலம் இன்னும் முடியவில்லை. அதற்குள் என்ஜின் "டக்... டக்..." என்று தட்டுகிறது. கொஞ்ச தூரத்தில் நின்றே விடுகிறது! கார்க்காரர் கம்பெனிக்கு ஓடுகிறார். அங்கே முதல் கேள்வி என்ன தெரியுமா? "என்ஜினுக்கு என்ன ஆச்சு?" என்பது அல்ல. "நீங்க எப்படி ஓட்டுனீங்க?" என்பதுதான்!

இது நியாயமா?

போட்டோ சாட்சி

அமெரிக்காவில் 2022-ம் ஆண்டு நடந்த சங்கதி இது. டொயோட்டா ஜி.ஆர்.86 என்ற ஸ்போர்ட்ஸ் கார் அங்கே விற்பனைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஒருவர் வாங்கிய காரின் என்ஜின் பாழாய்ப் போனது. என்ஜினுக்கு கம்பெனி கொடுத்த கியாரண்டி 5 ஆண்டு அல்லது 60 ஆயிரம் மைல். ஆனாலும் "கிடையாது" என்று கை விரித்தார்கள்.

காரணம் ஒரு போட்டோ! கார் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போவது போல அதில் இருந்ததாம். "போட்டியில் ஓட்டினால் கியாரண்டி செல்லாது" என்றார்கள்.

விஷயம் பத்திரிகைகளில் வந்தது. ஊரே பேசியது. அப்புறம் கம்பெனி இறங்கி வந்து செலவை ஏற்றுக்கொள்ள சம்மதித்தது.

இதிலே வேடிக்கை ஒன்று உண்டு. இந்தக் காரை வாங்குகிறவர்களுக்கு ஓராண்டு 'நாசா' சங்க உறுப்பினர் சீட்டை கம்பெனியே இலவசமாகக் கொடுத்தது. ராக்கெட் விடும் நாசா அல்ல, கார் பந்தய சங்கம்! பந்தயப் பாதையில் ஒரு நாள் ஓட்டிப் பழகவும் அதிலேயே வழி செய்திருந்தார்கள். "வாங்க, வேகமா ஓட்டுங்க" என்று கூப்பிட்டுவிட்டு, என்ஜின் உடைந்ததும் "ஏன் வேகமா ஓட்டுனே?" என்று கேட்டால் எப்படி?

உள்ளே இருக்கிறது உண்மை

போட்டோ பேசாது. உடைந்த பாகம் பேசும். கைதேர்ந்த மெக்கானிக் முதலில் ஆயிலைத்தான் பார்ப்பார். ஆயில் பில்டரை வெட்டிப் பிரிப்பார். உள்ளே மினுமினுவென்று உலோகத் தூள் இருக்கிறதா? காந்தத்தை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் இரும்பு பாகம் எதுவோ தேய்கிறது. ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங்கின் மேல் சந்தேகம்.

அடுத்து, ஆயில் சம்ப்பைக் கழற்றுவார். ஆயில் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு வலை இருக்கும். மேலே சொன்ன அதே ரக கார்களில் இந்த வலையைப் பார்த்த சிலருக்கு அதிர்ச்சி! மூட்டுகளில் ஆயில் கசியாமல் பூசுகிற சீலண்ட் பசை, துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து வந்து அதில் சிக்கியிருந்தது. வலை அடைத்தால் ஆயில் ஏறாது. ஆயில் ஏறாவிட்டால் பேரிங் கருகும். அந்தப் பசையைப் பூசியது யார்? கார்க்காரரா? தொழிற்சாலையா?

கார்க்காரர்கள் எல்லாம் உத்தமர்கள் என்றும் சொல்ல முடியாது. வேகத்தில் மேல் கியர் போடப் போய், கைதவறி கீழ் கியரில் தள்ளிவிடுவது உண்டு. அப்போது சக்கரமே என்ஜினை வலுவில் சுழற்றும். வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தும் பயன் இல்லை. ஆனால் இந்தத் தப்பு மறைந்து போகாது. போர்ஷே போன்ற கார்களில் என்ஜின் எத்தனை தடவை அளவு மீறிச் சுழன்றது, எந்த மணி நேரத்தில் சுழன்றது என்று கம்ப்யூட்டரே குறித்து வைத்திருக்கும். அதைக் காட்டி மறுத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆதாரம் காட்டாமல் மறுப்பதுதான் குறை.

மானத்தைக் காத்த வழி

நேர்மையாக நடந்த கதையும் இருக்கிறது. 2014-ம் ஆண்டு தொடக்கத்தில் போர்ஷே 911 ஜி.டி.3 ரகத்தில் இரண்டு கார்கள் ஐரோப்பாவில் தீப்பிடித்தன. ஜெர்மனி கம்பெனி என்ன செய்தது? "ஓட்டியவன் யார்?" என்று தேடவில்லை. காரை எடுக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு, என்ஜினைப் பிரித்தது. கனெக்டிங் ராடில் ஒரு திருகு தளர்ந்து, என்ஜின் கூட்டை உடைத்திருக்கிறது. ஆயில் கொட்டி தீப்பற்றியிருக்கிறது. மொத்தம் 785 கார்கள். அத்தனைக்கும் என்ஜினை மாற்றிக் கொடுத்தார்கள்!

ஜப்பானின் மாஸ்டா ஆர்.எக்ஸ்.8 காரில் பிஸ்டன் கிடையாது. முக்கோண ரோட்டர் சுழலும் என்ஜின் அது. பலருக்கு அது சீக்கிரமே சக்தி இழந்தது. சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்தது. ரோட்டரின் ஒவ்வொரு முகத்திலும் அழுத்தத்தை அளந்தால் குட்டு வெளிப்படும். கடைசியில் 2008-ம் ஆண்டு, அமெரிக்காவில் அந்த என்ஜினின் கியாரண்டியை 8 ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் என்று கம்பெனியே நீட்டியது. அளந்து பார்த்தார்கள், வழி பிறந்தது.

யாரிடம் தராசு?

கோளாறு இங்கேதான். கியாரண்டி வழக்கில் தீர்ப்புச் சொல்வது கம்பெனி. பணம் கொடுக்க வேண்டியதும் அதே கம்பெனி. தராசு பிடிப்பவரே சரக்கு விற்பவர் என்றால் எடை எப்படி இருக்கும் என்று கடைக்காரர்களுக்கு சொல்ல வேண்டியதில்லை!

அமெரிக்காவில் 1975-ம் ஆண்டிலேயே கியாரண்டிக்கு தனிச் சட்டம் வந்துவிட்டது. "எங்கள் ஆயிலைத்தான் ஊற்றணும், இல்லாட்டி கியாரண்டி போச்சு" என்று மிரட்ட அது இடம் தருவதில்லை. அந்த நியாயம் இன்னும் ஒரு படி போக வேண்டும். என்ஜினை கார்க்காரர் கண் முன்னால் பிரிக்கணும். பில்டரையும் பேரிங்கையும் பத்திரப்படுத்தணும். எந்தப் பாகம் முதலில் போனது, ஏன் போனது என்று எழுத்தில் கொடுக்கணும். அதற்கு அப்புறம்தான் "முடியாது" என்ற வார்த்தை வர வேண்டும்.

கார்க்காரருக்கும் கடமை உண்டு. ஆயில் மாற்றிய பில்லை ஒன்று விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். சத்தம் கேட்ட உடனே என்ஜினை நிறுத்த வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டினால் சாட்சியே பொடியாகிவிடும்.

செத்த உடம்பைப் பரிசோதிக்காமல் யார்மீதும் கொலைப்பழி போடுவதில்லை. செத்த என்ஜினுக்கும் அதே நியாயம்தான்!