உவர் கிணற்று வீட்டில் ஒரு கறுவாச் சாடி

கறிக்குத் தாளிக்க ஒரு நெட்டுக் கறிவேப்பிலை இல்லாமல் கடைக்கு ஆள் அனுப்பும் வீடு கொழும்பில் மட்டுமல்ல, புங்குடுதீவிலும் உண்டு. காணி விசாலம், கிணறும் உண்டு. ஆனால் தண்ணீர் உவர்.

தீவின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மாரி மழை அதனூடே இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. மட்டுக்கு மீறி அள்ளினால் அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். சுண்ணாம்பு மண்ணிலோ இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிட்டாது. நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் மாறுவது அதனால்தான். குடிதண்ணீரைப் பவுசரில் வாங்கும் வீட்டுக்காரி, பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரை மரத்துக்கு ஊற்ற மனம் ஒப்புவாளா?

அதனால்தான் சாடி என்கிறேன். சாடியில் மண்ணும் நம் விருப்பம், தண்ணீரும் நம் அளவு. 10 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1000 லீற்றர் வரும். சிந்துவது, வழிவது போக முக்கால் பங்கு மிஞ்சினாலும், இரண்டு சாடிக்கு நாளுக்கு 3 லீற்றர் வீதம் 250 நாட்களுக்குக் காணும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிடுங்கள். நுளம்பு முட்டையிடாதபடி தொட்டியை இறுக மூடுங்கள்.

ஒன்றரை அடி வாயுள்ள சாடி போதும். அடியில் துவாரம், அதன்மேல் தேங்காய் மட்டைத் துண்டுகள், பிறகு செம்மண்ணும் மக்கிய எருவும். கடல் மணல் கூடவே கூடாது. மண்ணின் மேல் வெள்ளை பூத்தால் அது உப்பு. மாரியில் சாடியை வெளியே தூக்கி வையுங்கள். மழை அதைக் கழுவிவிடும்.

இனி வெட்டும் விஷயம். நம் பெண்களுக்குச் செடி வளர்க்கக் கை வரும், வெட்டத்தான் வராது! கறிவேப்பிலையை இலை இலையாகக் கிள்ளினால் அது ஒற்றைக் கம்பாக நெடுத்துப் போகும். முழங்கால் உயரம் வந்ததும் நுனியை ஒரு கணுவுக்குச் சற்று மேலே துணிந்து வெட்டுங்கள். கீழிருந்து இரண்டு மூன்று கிளை வெடிக்கும். அவற்றையும் ஒரு சாண் வளர்ந்தபின் அப்படியே வெட்டினால் செடி குடையாகும். பூங்கொத்தைக் கிள்ளி எறிந்தால் வலு இலைக்குப் போகும். பெரிய வெட்டை ஒக்ரோபர், நவம்பர் மழையோடு வைத்துக்கொள்ளுங்கள். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கத்தியை எடுக்க வேண்டாம்.

கறுவாவுக்கு இன்னும் துணிவு வேண்டும். அது வெட்ட வெட்டத் தழைக்கும் மரம். காலி, மாத்தறைத் தோட்டங்களில் மண்ணோடு ஒட்ட வெட்டி, அடிக்கட்டையில் கிளம்பும் தளிர்க் கம்புகளைத்தான் பட்டைக்கு உரிக்கிறார்கள். சாடியிலும் மூன்று வருடம் பொறுத்து, நான்கு விரல் கட்டை விட்டு வெட்டலாம். பட்டை சிறிதளவே கிடைக்கும். நான் இலைக்காகவே வளர்க்கச் சொல்வேன். கறுவா இலையின் மணத்துக்குக் காரணமான இயூஜினோல்தான் கராம்புக்கும் மணம் தருகிறது. நெய்ச்சோற்றுக்கு ஓர் இலை போட்டுப் பாருங்கள். உப்புக் காற்று நேரே படாதபடி, சுவரின் மறைவில் அரை நிழலில் சாடியை வையுங்கள்.

சாதிக்காயும் கராம்பும் கேட்காதீர்கள். அவை கண்டி, மாத்தளைப் பக்கத்து ஈரத்துக்குப் பழகியவை. சாதிக்காயில் ஆண் மரம், பெண் மரம் வேறு வேறு. ஒரு சாடியை ஏழெட்டு வருடம் காத்திருந்து அது ஆண் என்று தெரிந்தால் என்ன செய்வது?

1991இல் தீவைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் பல இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்றன. அங்குள்ள சகோதரிகளுக்கும் இதே சாடிதான். உறைபனிக்கு முன் வீட்டுக்குள் எடுத்து, வெயில் படும் யன்னலருகே வைத்து, தண்ணீரைக் குறையுங்கள். இலை கொட்டினால் செத்துவிட்டதென்று எறிய வேண்டாம். தண்டைச் சுரண்டிப் பச்சை தெரிந்தால் ஏப்ரலில் துளிர்க்கும். ஊரிலிருந்து கன்றைப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுபோவது மட்டும் வேண்டாம். தோடை, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிற சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். அங்குள்ள நாற்றுக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.