தவறு பெரிய எழுத்தில், திருத்தம் சிறிய எழுத்தில்



2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கம். ஊத்துக்குளியில் எங்கள் தெருவில் குடியிருந்து, திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்குத் தையல் வேலைக்குச் சென்றுவந்த பீகார் இளைஞர் ஒருவர், இஷா தொழுகைக்குப் பின் என்னருகே வந்தமர்ந்தார். தமிழ்நாட்டில் ஹிந்தி பேசுவோரைக் கொல்கிறார்களாம். உடனே புறப்பட்டு வா எனத் தாயார் தொலைபேசியில் அழுதாராம். "உங்கள் பத்திரிகையில் போட்டிருக்கிறதா, ஹஸ்ரத்?" என்று கேட்டார். நடந்திருந்தால்தானே போடுவதற்கு!

வடநாட்டில் பரவிய காட்சிகள் இரண்டையும் குறித்து அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு உடனே மறுப்பு வெளியிட்டார். ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தமக்குள்ளேயே மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூர்வாசிகளுக்கிடையே நடந்த தகராறு. இரண்டுமே பழையவை. மார்ச் 8-இல் வந்த ஹோலிக்காக ஊர் சென்றோரின் ரயில் கூட்டம்கூட, உயிருக்கு அஞ்சி ஓடுவதாகச் சித்திரிக்கப்பட்டது. பீகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்துச் சென்றது. 'தைனிக் பாஸ்கர்' ஏட்டின் ஆசிரியர் மீது திருப்பூரில் வழக்குப் பதிவானது. திருப்பூருக்கு ஒரு தொலைபேசி போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் ஐயம் அது! தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் கட்டளையிடுவதை நாம் அறிவோம்.

பிழையே நேராத பத்திரிகை இல்லைதான். 'தி ஹிந்து' நாளேடு 2006-இல் கே. நாராயணன் அவர்களை வாசகர்களுக்கான ஆசிரியராக நியமித்து, தன் பிழைகளைத் தானே திருத்தி வெளியிட வழி செய்தது. லண்டன் 'கார்டியன்' 1997-லேயே இயான் மேயஸைக் கொண்டு இதைத் தொடங்கியிருந்தது. பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆயினும் எனக்கொரு மனக்குறை உண்டு. தொழுகையில் இமாம் ஓதுவதில் பிழை நேர்ந்தால், பின்னால் நிற்பவர் அங்கேயே, அனைவர் காதிலும் விழும்படி எடுத்துக் கொடுக்கிறார். பிழையைக் கேட்ட அத்தனை பேரும் திருத்தத்தையும் கேட்கின்றனர். பத்திரிகைகளிலோ பிழைக்குக் கொட்டை எழுத்து. திருத்தத்திற்கு மூலையில் நான்கு வரி.

பிறரைச் சொல்வானேன்? கல்லூரி விடுதியில் நாங்கள் நடத்திய கையெழுத்து ஏட்டில், சமையற்கூடப் பெரியவர் எண்ணெய் டின்னை வெளியே கடத்துவதாக, கேட்டதை வைத்து எழுதியவன் நான். அது காலி டின். காப்பாளர் சொல்லி எடுத்துச் சென்றது. அடுத்த இதழின் கடைசிப் பக்க அடியில் இரண்டு வரி வருத்தம் எழுதி, கடமை முடிந்ததென்றிருந்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. முதல் செய்தியை அவருக்குப் படித்துக் காட்டப் பலர் இருந்தார்கள். இரண்டாவதைப் படித்துக் காட்ட ஒருவரும் செல்லவில்லை, நான் உட்பட.

அந்தப் பீகார் இளைஞரிடம் மறுப்புச் செய்தியை வரிவரியாக ஹிந்தியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நான் நம்புகிறேன், ஹஸ்ரத். அம்மாவுக்கு இதை யார் சொல்வது?" என்றார். மறுநாள் இரவு ரயிலேறிவிட்டார். இன்னும் திரும்பவில்லை.