மலைக்குக் கிளம்பும் முன் பிரேக் பேட் மாத்தினீங்களா?

கொல்லிமலைக்கோ வால்பாறைக்கோ குடும்பத்தோடு கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் காரை ஒர்க்‌ ஷாப்பில் விட்டு பிரேக் பேட் மாற்றுகிறவர்கள் உண்டு. 'மலைக்குப் போறோம், பிரேக் நல்லா இருக்கணும்' என்ற அக்கறைதான். அக்கறை சரி, நாள்தான் தப்பு. புது பேட் மாட்டிய உடனே முழு பலத்தோடு பிடிக்காது.

பழைய பேட் தேய்த்துத் தேய்த்து டிஸ்க்கில் மெல்லிய கோடுகள் விழுந்திருக்கும். புது பேடின் முகமோ தட்டை. அதனால் முதலில் அங்கங்கேதான் உரசும். கொஞ்சம் ஓடிய பிறகுதான் பேடின் பொருள் டிஸ்க் மீது சீரான படலமாகப் படிந்து, பிடிமானம் வரும். இன்னொரு விஷயம், பேடுக்குள் இருக்கும் பிசின். முதல்முறை நன்றாகச் சூடாகும்போது அதிலிருந்து வாயு கிளம்பும். அந்த முதல் சூடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது வந்தால் என்ன ஆகும்? பெடலை எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போவது போலிருக்கும்.

பேட் மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்தும் முன்பே பெடலைப் பலமுறை மிதித்துப் பார்க்க வேண்டும். பேட் மாட்டுவதற்காக பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். அதனால் முதல் மிதி வெறுமனே தரைவரை போகும். பெடல் கெட்டியான பிறகே கியர் போடலாம். வீட்டில் தாங்களே மாட்டுகிறவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

அப்புறம் பழக்குவது. விடியற்காலை, பின்னால் வண்டி வராத காலி ரோடு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாக மிதித்து 10-க்குக் கொண்டுவரலாம். முழுதாக நிறுத்த வேண்டாம். மறுபடி வேகம் எடுத்து, அரை நிமிஷம் காற்றுப்பட ஓட்டிவிட்டு, இன்னொரு தடவை. இப்படி எட்டு, பத்து தடவை. லேசாகக் கருகல் வாடை வந்தால் பயப்பட வேண்டியதில்லை. புகை வந்தாலோ பெடல் மெத்தென்று இறங்கினாலோ நிறுத்திவிட வேண்டும். பேட் கம்பெனி அட்டைப்பெட்டியில் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றலாம்.

கடைசியில் ஐந்து, பத்து நிமிஷம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். சூட்டோடு பிரேக்கை மிதித்தபடியே நின்றால், பேட் பட்ட இடத்தில் மட்டும் பொருள் திட்டாக ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும். 'டிஸ்க் கோணிடுச்சு சார், மாத்திடலாம்' என்று செலவு வைக்கும் நடுக்கத்தில் பலதும் இந்தத் திட்டுதான்!

முதல் 300 கிலோமீட்டர் வரை திடீர் பிரேக்கைத் தவிர்ப்பது நல்லது. அவசரம் என்றால் மிதித்துத்தான் ஆக வேண்டும், அதில் யோசனையே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மலைக்கு என்றால், முந்தின வாரமே பேட் மாறியிருக்கட்டும். நடுவில் ஆபீஸ் போய்வரும் ஓட்டத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும்.