உபரித் தோட்டா வேண்டுமா?

காப்பி விற்ற பணத்துடன் ஏற்காட்டு மலைப்பாதையில் இரவில் வருபவர், உரிமம் பெற்ற ரிவால்வரை உறையிலிட்டு மறைத்து வைத்திருக்கிறார். அதில் ஆறு தோட்டாக்கள். சட்டைப்பையில் இன்னும் ஆறு வேண்டுமா?

வேண்டும் என்பாரிடமும் நியாயம் உண்டு. மலைப்பனியின் ஈரத்தால் தோட்டா வெடிக்காமற் போகலாம். காவலர் வந்துசேரத் தாமதமாகலாம். ஆனால், ரிவால்வரில் ஒன்று வெடிக்காவிடின், விசையை மறுபடி இழுத்ததும் அடுத்தது முன்வரும். ஈரமான தோட்டாவுக்குப் பரிகாரம் புதியதை இடுவதே. பழையதோடு மேலும் சுமப்பதன்று.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டாவுக்கும் உரிமம் தேவை. எத்தனை வைத்திருக்கலாம் என்பதும் உரிமத்திலேயே குறிக்கப்படும். திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலையம் ஆகியவற்றுக்குத் தனி அனுமதியின்றி ஆயுதம் கொண்டுசெல்லலாகாது. எனவே, மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குச் செல்பவர், துப்பாக்கியை வீட்டில் பூட்டிவிட்டே மலையேற வேண்டும்.

துப்பாக்கியை எவரும் எளிதில் மறப்பதில்லை. பையிலிட்ட தோட்டாவையோ மறந்துவிடுகிறோம். பையில் மறந்த தோட்டாவால் விமான நிலையச் சோதனையில் சிக்கியவர் பலர். அதனினும் கொடிது, தந்தையின் சட்டைப்பையைத் துழாவும் குழந்தையின் கையில் அது அகப்படுவது.

ஆதலின், பெற்றோரே, துப்பாக்கியிலுள்ள ஆறே வழிப்பயணத்துக்குப் போதும் என்போம். உபரியை எடுத்தே தீரவேண்டுமெனில், எண்ணி எடுங்கள். வீடு திரும்பியதும், சட்டையைக் கழற்றுமுன் மீண்டும் எண்ணுங்கள். துப்பாக்கியை ஒரு பெட்டியிலும் தோட்டாவை வேறொரு பெட்டியிலும் பூட்டுங்கள். சாவி குழந்தைக்கு எட்டாதிருக்கட்டும். காக்க வாங்கிய கருவி, காக்கவேண்டியவரையே காயப்படுத்தலாகாது.